ஆசிரியர் மேசையிலிருந்து: புள்ளி மறந்த அம்மா



அண்மையில் இங்கு வந்து குடியேறிய சகோதரி ஒருவர், தன் முதல் ஆக்கத்தைப் பாமினி எழுத்துருவில் அனுப்பியிருந்தார். என் புதிய கணினியில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் கும்பல்! பாமினியில் ‘அம்மா’ என்பதற்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டவேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் அவை அப்படியே தெரியும். ஒருங்குறியில் இந்தத் தொல்லை இல்லை.

“அப்பா, இது என்ன பாஷை?” என்று மகள் சிரித்தாள்.

“தமிழ்தான் பிள்ளை, வேஷம் போட்டிருக்குது.”

பல வருடம் பாமினியில் தட்டிய பழக்கத்தில், எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினேன். “அம்மாவை விட்டிட்டு வந்து இன்றோடு நாற்பது நாள்” என்பது முதல் வரி. மகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றிரவு அவளும் பாமினியில் தட்டிப் பார்த்தாள். அரைப்புள்ளியை மறந்ததால் ‘அமமா’ என்று வந்தது. அவள் வாழ்வில் தட்டச்சுச் செய்த முதல் தமிழ்ச்சொல்! நான் திருத்தவில்லை.

எழுதத் தயங்கும் புதியவர்களே, எந்த எழுத்துருவிலும், கையெழுத்திலும் அனுப்புங்கள். பிழை திருத்த நான் இருக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்