பள்ளிகள் குறைவது வளர்ச்சியா?

ஆண்டு முடியும்போது ஒன்றிய அரசின் அமைச்சகங்கள் தத்தம் சாதனைப் பட்டியலை வெளியிடுவது வழக்கம். பள்ளிக் கல்வித் துறையின் பட்டியலில் அண்மை ஆண்டுகளாகத் தவறாமல் இடம்பெறுபவை பிஎம் ஸ்ரீ பள்ளிகள், திறன் வகுப்பறைகள், மாணவர்களுக்கான ‘அபார்’ அடையாள எண் ஆகியவை. அடுத்த ஆண்டுக்கான முன்னுரிமைகளும் இவற்றையொட்டியே அமைகின்றன. ஆனால், இந்தக் காலத்தில் எத்தனை அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன, அவற்றில் படித்த குழந்தைகள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை கிடைப்பதில்லை.

விடையின் ஒரு பகுதியை நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்திருக்கிறது. 2014-15ஆம் கல்வியாண்டில் நாட்டில் 11,07,101 அரசுப் பள்ளிகள் இருந்தன. 2023-24இல் அவை 10,17,660 ஆகிவிட்டன. ஒன்பது ஆண்டுகளில் 89,441 பள்ளிகள் குறைந்துள்ளன. சராசரியாக நாளொன்றுக்கு 27 அரசுப் பள்ளிகள்! அதே ஒன்பது ஆண்டுகளில் தனியார் பள்ளிகளின் எண்ணிக்கை 2,88,164இலிருந்து 3,31,108 ஆக, அதாவது 42,944 பள்ளிகள் என்ற அளவில் உயர்ந்துள்ளது. பள்ளிக் கல்வியில் ‘வளர்ச்சி’ எந்தத் திசையில் நடக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பிறப்பு விகிதம் மட்டும்தான் காரணமா?

ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் ‘யூடைஸ் பிளஸ்’ புள்ளிவிவரப்படி 2021-22இல் பள்ளிகளில் பயின்றோர் 26.52 கோடி பேர். 2024-25இல் 24.69 கோடி பேர். மூன்றாண்டுகளில் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குறைவு. பிறப்பு விகிதம் குறைந்துவருகிறது. மாணவர் விவரத்தைத் தனித்தனியே பதிவுசெய்யும் முறை வந்ததால் ஒரே குழந்தையின் பெயர் இரண்டு பள்ளிகளில் இருந்த நிலையும் நீங்கியது. இவையே காரணம் என்கிறது அரசு.

இந்த விளக்கத்தில் உண்மையே இல்லை என்று ஒதுக்க முடியாது. பல மாநிலங்களில் குழந்தைகளின் எண்ணிக்கை உண்மையாகவே குறைகிறது. ஆனால், அது மட்டுமே காரணமென்றால் அரசுப் பள்ளியிலும் தனியார் பள்ளியிலும் ஒருசேரக் குறைய வேண்டும். நடந்தது அதுவல்ல. 2023-24இல் சுமார் 12.75 கோடியாக இருந்த அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை ஓராண்டில் சுமார் 12.16 கோடியாகச் சரிந்தது. தனியார் பள்ளிகளிலோ சுமார் 9 கோடியிலிருந்து 9.59 கோடியாக உயர்ந்தது. குறைந்த அளவும் கூடிய அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

விரும்பித்தான் மக்கள் போகிறார்கள் என்று சிலர் வாதிடுவதுண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2025இல் நடத்திய கல்விச் செலவு ஆய்வின்படி, அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு குழந்தைக்குக் குடும்பம் செலவிடும் தொகை ஆண்டுக்குச் சராசரியாக 2,863 ரூபாய். பிற பள்ளிகளில் 25,002 ரூபாய். ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஐந்து வகுப்புக்கு ஒரே ஆசிரியர், ஒழுகும் கூரை, எப்போது மூடுவார்களோ என்ற அச்சம் ஆகியவற்றைக் கண்டு, கூலிப் பணத்தில் பாதியைக் கல்விக் கட்டணமாகக் கட்டும் பெற்றோரின் முடிவுக்கு விருப்பம் என்று பெயரிடுவது பொருந்தாது.

மூடினால் உயரும் விழுக்காடு

2024-25ஆம் ஆண்டின் புள்ளிவிவரத்தில் பெருமைப்படத்தக்க எண்களும் இருக்கின்றன. 99.3 விழுக்காடு பள்ளிகளில் குடிநீர், 97.3 விழுக்காட்டில் மாணவியர் கழிப்பறை, 93.6 விழுக்காட்டில் மின்சாரம், 64.7 விழுக்காட்டில் கணினி. உயர்நிலை வகுப்புகளில் இடைநிற்றல் 10.9 விழுக்காட்டிலிருந்து 8.2 ஆகக் குறைந்துள்ளது. ஆசிரியர் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியிருக்கிறது. ஒற்றை ஆசிரியர் பள்ளிகள் ஓராண்டில் 1,10,971இலிருந்து 1,04,125 ஆகவும், மாணவரே இல்லாத பள்ளிகள் 12,954இலிருந்து 7,993 ஆகவும் குறைந்துள்ளன.

இந்த எண்களை வாசிக்கும்போது ஒரு கேள்வியை மறந்துவிடக் கூடாது. கணினி இல்லாத ஒரு சிற்றூர்ப் பள்ளியை மூடிவிட்டால் கணினி உள்ள பள்ளிகளின் விழுக்காடு தானாகவே உயரும். ஒற்றை ஆசிரியர் பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியரை நியமித்தாலும் எண்ணிக்கை குறையும். அந்தப் பள்ளியையே பூட்டிவிட்டாலும் எண்ணிக்கை குறையும். அறிக்கையில் இரண்டும் ஒரே முன்னேற்றமாகத்தான் தெரியும். குழந்தையின் வாழ்க்கையில் இரண்டும் ஒன்றல்ல. எனவே, குறைந்த எண்ணிக்கையில் எவ்வளவு நியமனத்தால் வந்தது, எவ்வளவு மூடலாலும் இணைப்பாலும் வந்தது என்பதை மாநில வாரியாக அரசு வெளியிட வேண்டும்.

சராசரியும் இதேபோல் மறைக்கும் தன்மையுடையது. தொடக்க நிலையில் 10 முதல் 13 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தேசிய சராசரி. அதே நாட்டில்தான் 33,76,769 குழந்தைகள் ஒற்றை ஆசிரியர் பள்ளிகளில் படிக்கின்றனர். இத்தகைய பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் ஆந்திரப் பிரதேசம், 12,912 பள்ளிகள். இவற்றில் பயிலும் குழந்தைகள் மிகுதியாக உள்ள மாநிலம் உத்தரப் பிரதேசம். ஆறேகால் லட்சம் பேர். மறுபுறம், மாணவரே இல்லாத பள்ளிகளில் 20,817 ஆசிரியர்கள் இருப்பதாகப் பதிவாகியுள்ளது. மாணவரற்ற பள்ளிகளில் ஏறத்தாழப் பாதி, 3,812 பள்ளிகள், அப்போது திரிணமூல் ஆண்ட மேற்கு வங்கத்தில் இருந்தன. பொதுக் கல்வியைச் சிதையவிடுவதில் பாஜக அரசுகள் மட்டுமே குற்றவாளிகள் அல்ல என்பதற்கு இது சான்று.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பள்ளியில் அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது அதன் அட்டவணை வகுத்த அளவு. பத்துக் குழந்தைகளே இருந்தாலும் இருவர் வேண்டும். அப்படியானால் ஒற்றை ஆசிரியர் தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றும் சட்டத்தை மீறி நடக்கும் பள்ளி. மீறுவது அரசு. தண்டனையாகப் பள்ளியை இழப்பதோ குழந்தை.

சீதாபூரின் 51 குழந்தைகள்

2025 ஜூன் 16 அன்று உத்தரப் பிரதேச அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. மாணவர் குறைந்த பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளுடன் இணைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஐம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் முதன்மை இலக்காயின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இணைப்புக்கு உள்ளாயின.

சீதாபூர் மாவட்டத்தைச் சேர்ந்த 51 பள்ளிக் குழந்தைகள் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னோ அமர்வை நாடினார்கள். ஜூலை 7 அன்று தனி நீதிபதி மனுக்களைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் ஜூலை 24 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, சீதாபூரில் இணைப்பு நடவடிக்கையை அப்போதைய நிலையிலேயே நிறுத்திவைக்கும்படி உத்தரவிட்டது. ஆசிரியர் அமைப்புகளும் பெற்றோரும் எதிர்க்கட்சிகளும் மாநிலமெங்கும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். இறுதியில், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பள்ளியோடும், ஐம்பதுக்கு மேல் மாணவர் உள்ள பள்ளியையும் இணைக்கமாட்டோம் என்று அமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. பின்வாங்கல் முழுமையானதல்ல, ஆனால், போராடாமல் அதுகூட வந்திருக்காது.

அலுவலகத்தில் அமர்ந்து வரைபடத்தில் அளக்கும் ஒரு கிலோமீட்டரும் ஆறு வயதுச் சிறுமி நடக்கும் ஒரு கிலோமீட்டரும் வேறுவேறு. இடையில் நெடுஞ்சாலை இருக்கலாம். ரயில் பாதை இருக்கலாம். மழைக்காலத்தில் பெருகும் ஓடை இருக்கலாம். தலித் குழந்தைகள் கடந்துசெல்ல அஞ்சும் ஆதிக்கச் சாதித் தெரு இருக்கலாம். பள்ளி தொலைவுக்குப் போனால் முதலில் வீட்டில் நிறுத்தப்படுபவள் பெண் குழந்தை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒவ்வொரு நாளும் கொண்டுவிட்டு அழைத்துவர நேரம் ஏது?

பள்ளியோடு வேலையை இழப்போரும் உண்டு. மதிய உணவுச் சமையல் தொழிலாளர் எத்தனை பேர் என்பது மாணவர் எண்ணிக்கையை வைத்தே முடிவாகிறது. இவர்களில் பெரும்பான்மையோர் ஏழைப் பெண்கள். 2009இல் மாதம் 1,000 ரூபாய் என்று ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதிய அளவு இன்னும் உயர்த்தப்படவில்லை. மாநிலங்கள் கூடுதலாகத் தருவதைக் கொண்டே அவர்கள் காலந்தள்ளுகின்றனர். இரண்டு பள்ளிகள் ஒன்றாகும்போது அந்தச் சொற்ப வருமானமும் பறிபோகிறது.

கொள்கையில் ஊன்றிய வேர்

இது ஒரு மாநில முதலமைச்சரின் தனி விருப்பம் அல்ல. ராஜஸ்தானில் 2014இலேயே பாஜக அரசு ஆயிரக்கணக்கான பள்ளிகளை இணைத்தது. 2017இல் நிதி ஆயோக் தொடங்கிய ‘சாத்-இ’ திட்டம் மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களில் பள்ளி இணைப்பைச் சீர்திருத்தமாக முன்னிறுத்தியது. அதற்கு ஆலோசனை கூறும் பங்காளியாக அமர்த்தப்பட்டது பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் என்னும் பன்னாட்டு நிறுவனம். தேர்வுசெய்யப்பட்ட மூன்றுமே பழங்குடி மக்கள் பெருமளவில் வாழும் மாநிலங்கள் என்பது கவனத்திற்குரியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சிறிய பள்ளிகளை நடத்துவது பொருளாதார ரீதியில் உகந்ததல்ல என்ற கருத்தையே கொள்கையாக்கியது. ‘பள்ளி வளாகம்’ என்ற ஏற்பாட்டை அது தீர்வாக வைத்தது.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் முன்னுரிமை விளங்கும். நாட்டு வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி குழு 1966இல் கூறியது. தேசியக் கல்விக் கொள்கையும் அதே இலக்கை மீண்டும் எழுதி வைத்திருக்கிறது. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் கல்வி அமைச்சகத்துக்குக் கிடைத்ததோ 1,28,650 கோடி ரூபாய். மொத்தச் செலவில் சுமார் இரண்டரை விழுக்காடு. அரசுப் பள்ளிகள் அனைத்துக்குமான சமக்ர சிக்‌ஷா திட்டத்துக்கு 41,250 கோடி. நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை மட்டும் தெரிந்தெடுக்கும் பிஎம் ஸ்ரீ திட்டத்துக்கு 7,500 கோடி. நூறு அரசுப் பள்ளிகளில் ஒன்றரைப் பள்ளிக்கு வண்ணம் பூசி, மற்றவற்றைக் காத்திருக்க வைக்கும் ஏற்பாடு இது. அந்தத் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்‌ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது.

காத்திருக்கும் பள்ளிகளின் நிலை என்ன? 2025 ஜூலை 25 அன்று ராஜஸ்தானின் ஜாலாவாட் மாவட்டம் பிப்லோடி கிராமத்தில் அரசுப் பள்ளிக் கூரை இடிந்து ஏழு குழந்தைகள் உயிரிழந்தனர். அந்த ஏழு உயிர்களுக்கு எந்த ஆண்டறிக்கையிலும் விழுக்காட்டுக் கணக்கு இல்லை.

மாற்று உண்டு

கேரளத்தில் பிறப்பு விகிதம் நாட்டிலேயே மிகக் குறைந்த மாநிலங்களில் ஒன்றாக உள்ளது. மாணவர் எண்ணிக்கை குறையும் நெருக்கடி அங்கும் இருக்கிறது. இலாபமில்லை என்று நிர்வாகத்தினர் மூட முனைந்த கோழிக்கோடு மலாப்பரம்பு பள்ளி உட்பட நான்கு உதவிபெறும் பள்ளிகளை 2016இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தானே ஏற்று நடத்த முடிவுசெய்தது. தொடர்ந்து பொதுக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கி, எட்டு முதல் பன்னிரண்டு வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக்கியது. பின்வந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான குழந்தைகள் பொதுப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்தனர். குழந்தைகள் குறைவாக உள்ள பள்ளியை மூடுவது இயற்கையின் விதி அல்ல, அரசியல் முடிவு என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது.

ஆகவே, கோரிக்கைகள் தெளிவானவை. பள்ளி மூடலும் இணைப்பும் உடனே நிறுத்தப்பட வேண்டும். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் குறைந்தது இரண்டு ஆசிரியர் என்ற சட்ட விதி காலக்கெடுவுடன் நிறைவேற வேண்டும். ஆபத்தான கட்டடங்கள் அனைத்தும் மழைக்காலத்துக்கு முன்பே சீரமைக்கப்பட வேண்டும். மாநிலங்களுக்கு உரிய நிதியை நிபந்தனையின்றி விடுவிக்க வேண்டும். ஆறு முதல் பதினான்கு வயது வரை மட்டுமே உள்ள கல்வி உரிமை, மூன்று முதல் பதினெட்டு வயது வரை சட்டமாக வேண்டும்.

இவற்றுக்கான போராட்டம் தலைநகரில் மட்டும் நடப்பதல்ல. நான்கில் மூன்று பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் தந்திருக்கிறது. பல இடங்களில் அது கையெழுத்துப் பதிவேடாக மட்டுமே இருக்கிறது. அதை உயிர்ப்பிக்க ஒவ்வொரு கிளையும் முன்வர வேண்டும். தன் பகுதியில் எத்தனை அரசுப் பள்ளிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை குழந்தைகள், எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலி, அடுத்த பள்ளிக்கு நடந்து போக எவ்வளவு நேரம் என்ற நான்கு விவரங்கள் கிளையின் கையில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக்க வேண்டும். அரசு தயாரிக்கும் ஆண்டிறுதிக் கணக்குக்கு மக்கள் தரும் பதில் அதுவாக இருக்கட்டும்!