நாற்பது நிமிடத்தில் ஓர் ஊர்

நீண்ட வார இறுதி நெருங்கினால் போதும், மெல்பர்னின் ட்ருகனினா வட்டாரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுலா அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். அழைப்பவர்கள் மாறலாம், அட்டவணை பெரும்பாலும் ஒன்றுதான். காலை 5.30-க்குப் புறப்பாடு. பேருந்திலேயே இட்லிப் பொட்டலம். டார்க்கீ, லார்ன், அப்போலோ பே, ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் பாறைகள், லாக் ஆர்ட் கார்ஜ், வார்னம்பூல் என்று ஆறு இடங்கள். ஏழாவதாக, பட்டியலின் அடியில், ‘போர்ட் ஃபேரி – 40 நிமிடம்’. இரவு 11 மணிக்கு வீடு. மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டணத்தில் அடக்கம்.

இந்தப் பயணங்களை ஏற்பாடு செய்பவர்கள் லாபத்துக்காகச் செய்வதில்லை. ஊரிலிருந்து வந்து, பிள்ளைகள் வேலைக்குப் போன வீட்டில் தொலைக்காட்சியோடு பகலைக் கழிக்கும் பெற்றோருக்கு ஒரு நாளாவது கடற்காற்று கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அந்த எண்ணத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ஐம்பது பேரின் உயிருக்கும் ஒரு சிறிய ஊரின் அமைதிக்கும் பொறுப்பேற்கும் காரியத்தில் நல்லெண்ணம் மட்டும் போதாது. இந்த அட்டவணை தவறானது. ஏன் தவறு என்பதைக் கணக்கிலிருந்தே தொடங்கிச் சொல்வோம்.

மெல்பர்னிலிருந்து போர்ட் ஃபேரி நேர்வழியில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். கடலோரமாகச் செல்லும் கிரேட் ஓஷன் ரோடு மட்டுமே 243 கிலோமீட்டர்; முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் கடப்பாரையுமாக மலைச்சரிவைக் குடைந்து போட்ட, வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தாக வேண்டிய சாலை. போய்வர 600 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கனரக வாகனங்களுக்கான தேசியச் சட்டத்தின் வழக்கமான விதிப்படி, தனியாக ஓட்டும் பேருந்து ஓட்டுநர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அதே 24 மணி நேரத்துக்குள் இடையறாத 7 மணி நேர ஓய்வும் அவருக்குக் கிடைத்தாக வேண்டும். காலை 5.30 முதல் இரவு 11 வரை பதினேழரை மணி நேரம். இருபத்து நான்கிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது ஆறரை. பணிமனையிலிருந்து பேருந்தை எடுத்துவந்து திரும்ப விடும் நேரம் இதில் சேரவில்லை. கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த சமூகம் நாம். இந்தக் கழித்தலை யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை. போட்டுப் பார்த்துவிட்டும் ‘சமாளித்துக்கொள்ளலாம்’ என்று முடிவெடுத்திருந்தால், அது கவனக்குறைவை விடப் பெரிய குற்றம்.

பேருந்துக்குப் பதில் பன்னிரண்டு இருக்கை வேன்களை வாடகைக்கு எடுத்து, உறுப்பினர்களில் ஒருவரே ஓட்டிச் செல்வதும் உண்டு. அந்த வேன்களை மேற்சொன்ன விதி கட்டுப்படுத்தாது. வாரம் முழுதும் கணினி முன் அமர்ந்து, வெள்ளி இரவு சமையலுக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை விடியுமுன் ஸ்டியரிங் பிடிக்கும் அந்த நண்பரின் கண்ணிமைக்குச் சட்டத்தின் விலக்கு தெரியாது. இருட்டிய பிறகு பிரின்சஸ் நெடுஞ்சாலையில் பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்கும்போது அவர் எதை நம்பி விழித்திருக்கிறார்?

இனி அந்த நாற்பது நிமிடத்துக்கு வருவோம். போர்ட் ஃபேரி 4,000 பேர்கூட இல்லாத ஊர். மொய்ன் ஆறு கடலில் கலக்கும் முகத்தில், திமிங்கில வேட்டையரும் கடல்நாய் வேட்டையரும் ஒதுங்கிய துறையாகத் தொடங்கியது. ‘ஃபேரி’ என்ற சிறு பாய்மரக் கலத்தின் பெயரே ஊருக்கு நிலைத்தது. 1843-இல் ஜேம்ஸ் அட்கின்சன் என்பவர் 5,120 ஏக்கரை வாங்கி, பெல்ஃபாஸ்ட் என்று பெயர் சூட்டி, மனை பிரித்துக் குத்தகைக்கு விட்டார். 1887-இல்தான் பழைய பெயர் திரும்பியது. கருங்கல் வீடுகளும், நார்ஃபோக் பைன் மரங்கள் அணிவகுத்த தெருக்களும், 1859-இல் எழுந்த கலங்கரை விளக்கமும் இன்றும் உண்டு. நடந்து பார்க்க வேண்டிய ஊர் இது. ஐம்பது பேர் இறங்கும் பேருந்தில், கழிப்பறை வரிசைக்கே பாதி நேரம் போய்விடுகிறது. மீதியில் ஒரு குழுப்படம், ஓர் ஐஸ்கிரீம். கையோடு கொண்டுவந்த சாப்பாட்டைப் பூங்காவில் முடித்து, தட்டுகளை நிரம்பி வழியும் குப்பைத் தொட்டியின் மேல் அடுக்கிவிட்டுக் கிளம்புகிறோம். ஊர் நமக்கு நிழலும் நீரும் கழிப்பறையும் தந்தது. நாம் ஊருக்குத் தந்தது எச்சில் தட்டு.

கலங்கரை விளக்கம் நிற்கும் கிரிஃபித்ஸ் தீவில் நடப்பது இதைவிடக் கவலைக்குரியது. மட்டன்பேர்ட் என்று இங்குள்ளவர்கள் அழைக்கும் ஷியர்வாட்டர் பறவைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியில் வடபசிபிக் கடலிலிருந்து ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் பறந்து இத்தீவுக்கு வருகின்றன. மணலில் வளை தோண்டி, நவம்பர் இறுதியில் ஒரே ஒரு முட்டை இடுகின்றன. அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். அது உடைந்தால் மறுமுட்டை இல்லை. மார்ச் மாதத் தொழிலாளர் தின விடுமுறையில் நாம் போகும்போது தாயும் தந்தையும் இரை தேடிக் கடலில் இருக்கும். வளைக்குள் குஞ்சு மட்டும் இருக்கும். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று பலகை சொல்கிறது. படத்தில் கலங்கரை விளக்கம் முழுதாக விழ வேண்டும் என்று இரண்டடி பின்வாங்கிப் புல்லில் கால் வைப்பவருக்குச் செருப்படியில் மண் சற்றே அமிழ்வதுதான் தெரியும். கீழே வளையின் கூரை இடிந்தது தெரியாது. இத்தனைக்கும் அந்தத் தீவில் காண வேண்டிய காட்சி, அந்தி சாய்ந்தபின் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் கடலிலிருந்து வளை திரும்புவதுதான். அந்த நேரத்தில் நம் பேருந்து நெடுஞ்சாலையில் இருக்கிறது.

பறவையைப் பார்க்காமல் திரும்புவது இழப்பு. மனிதரைப் பார்க்காமல் திரும்புவது பிழை. 1837-க்கும் 1844-க்கும் இடையில் இப்பகுதியில் படுகொலை செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான ஆதிகுடி மக்களுக்கு இவ்வூரில் ஒரு நினைவுக்கல் உண்டு. மேற்கே போர்ட்லாண்டுக்கு அருகில் ‘கன்வின்சிங் கிரவுண்ட்’ என்ற கடற்கரை இருக்கிறது. 1830-களின் தொடக்கத்தில், கரையொதுங்கிய ஒரு திமிங்கிலம் யாருக்கு என்ற தகராறில் குண்டிட்ச்மாரா மக்களின் ஒரு குலத்தைத் திமிங்கில வேட்டையர்கள் சுட்டு அழித்ததாகச் சொல்லப்படும் இடம். விக்டோரியாவின் மரபுச் சின்னப் பதிவேட்டில் அது இடம்பெற்றிருக்கிறது. அதே மக்கள் எரிமலைப் பாறைகளிடையே வாய்க்கால் வெட்டி விலாங்கு வளர்த்த பட்ஜ் பிம், 6,600 ஆண்டுப் பழமைக்காக 2019-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பேருந்தின் ஒலிபெருக்கியில் கப்பல் உடைந்த கதைகள் சுவையாகச் சொல்லப்படுகின்றன. இந்த மக்களின் கதைகளில் ஒன்றும் சொல்லப்படுவதில்லை. நேரம் இல்லை என்பார்கள். அந்தாக்‌ஷரிக்கு நேரம் இருந்தது.

இதை வேறு எந்த ஊர்க்காரர் செய்தாலும் குறைதான். ட்ருகனினாக்காரர் செய்தால் கூடுதல் குறை. நாம் தினமும் முகவரியில் எழுதும் பெயர், டாஸ்மேனியாவின் புரூனி தீவில் பிறந்த ட்ருகனினி என்ற ஆதிகுடிப் பெண்ணின் பெயர். 1839-இல் அவர் போர்ட் பிலிப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடன் பிடிபட்ட இரண்டு ஆண்கள் 1842 ஜனவரியில் மெல்பர்னில் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டனர். பார்க்கக் கூட்டம் கூடியது. தன் உடலைக் கூறுபோடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு 1876-இல் ட்ருகனினி இறந்தார். அவருடைய எலும்புக்கூடு 1947 வரை ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நின்றது. நூறாண்டு கழித்து, 1976-இல்தான் எரியூட்டப்பட்டுச் சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. எதையும் காட்சியாக்கிப் பார்த்துவிட்டுப் போகும் கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊர்ப் பெயரே சாட்சி. அந்தப் பெயரில் குடியிருந்துகொண்டு நாமும் அந்தக் கூட்டமாகக் கூடாது.

நம் பக்கம் திருப்பிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தரங்கம்பாடிக்கு வரும் பயணிக்கு 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைக் காட்டுகிறார்கள். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்குவின் கதையைச் சொல்கிறார்கள். அந்த நிலத்தைக் கொடுத்த தஞ்சை ரகுநாத நாயக்கரைப் பற்றி ஒரு வாக்கியம் கேட்பது அரிது. கோட்டைக்கு முந்நூறு ஆண்டு மூத்த மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் தின்றதையும், 2004 சுனாமியில் அங்கே மீனவக் குடும்பங்கள் இழந்ததையும் கேளாமலே குளிர்சாதனப் பேருந்து கிளம்பினால் நமக்குச் சுருக்கென்கிறது. அந்தச் சுருக்கு நியாயமானது என்றால், மொய்ன் ஆற்றங்கரையில் நம்மைப் பார்ப்பவருக்கும் அது நியாயமே.

சரியானது எது என்பதில் மயக்கம் வேண்டாம். ஒரு பயணத்துக்கு ஓர் ஊர். போர்ட் ஃபேரி என்றால் ஓர் இரவு தங்கல். அந்தியில் தீவுப் பாதையில் நின்று, பாதையை விட்டு இறங்காமல், பறவைகள் வரப் பார்க்கலாம். போகும் வழியில் டவர் ஹில்லிலும், வாய்ப்பிருந்தால் ஊரைத் தாண்டிப் பட்ஜ் பிம்மிலும் அந்த மண்ணின் மக்களே வழிகாட்டும் நடைக்கு முன்பதிவு செய்து, உரிய கட்டணம் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். ஒரு வேளையாவது அந்த ஊர்க் கடையில் சாப்பிட வேண்டும். குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பேருந்து என்றால் இரண்டு ஓட்டுநர்கள். வேன் என்றாலும் அப்படியே. சிறு குழுவுக்கு வார்னம்பூல் வரை ரயிலும், அங்கிருந்து பேருந்தும் இருக்கின்றன. செலவு கூடும், கூடத்தான் செய்யும். அதற்காகக் குறைக்க வேண்டியது இடங்களின் எண்ணிக்கையை, உறக்கத்தை அல்ல. நம் சமூக நிகழ்ச்சிகளுக்கு மானியம் தரும் நகராட்சிகளும் ஓட்டுநர் ஓய்வுக் கணக்கைக் கேட்டு வாங்கிய பிறகே பணம் தர வேண்டும்.

பயணிகளுக்கும் பொறுப்பு உண்டு. ‘ஒரே நாளில் ஏழு இடம்’ என்று ஒருவர் விற்கிறார் என்றால், ஏழு இடம் வேண்டும் என்று நாம் கேட்டதால்தான். ஐந்து இடம் காட்டும் குழுவை விட்டுவிட்டு ஏழு இடம் காட்டும் குழுவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் நாம்தான்.

அடுத்த நீண்ட வார இறுதிக்கான அழைப்பு இந்நேரம் யாரோ ஒருவரின் கைபேசியில் தட்டச்சாகிக்கொண்டிருக்கும். அவர் புறப்படும் நேரத்தை எழுதுவதற்கு முன், ஓட்டுநர் உறங்கும் நேரத்தை முதல் வரியில் எழுதட்டும். மீதி அட்டவணை அதற்குள் அடங்கட்டும்.