பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

தீபாவளிக்கு முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். கீழ்நாட்டில் சரி. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்கு வந்த பிறகும் அதே வழக்கமா?

ஐப்பசியில் இங்கே துவைத்த துணியே காய்வதில்லை. சீலிங் எப்படிக் காயும்? போன வருடம் நானும் யோசிக்கவில்லை. ஓதம் படர்ந்த இடத்தில் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்தாயிற்று. “கண்ணாடி மாதிரி இருக்குங்க” என்றார் பெயிண்டர். எனக்கும் பெருமைதான். தை பிறப்பதற்குள் கொப்புளம் விட்டுப் பட்டை பட்டையாக உதிர்ந்தது. விழுந்த இடம் பேரன் படுக்கும் கட்டில். நல்லவேளை, அவன் பள்ளிக்கூடம் போயிருந்தான்.

சீலிங்கின் வழவழப்பு மொட்டை மாடியில் தொடங்குகிறது. அங்கே வாட்டம் சரியா, தண்ணீர் தேங்குகிறதா, தட்டோட்டு இணைப்பில் வெடிப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். ஈரம் கம்பியைத் தொட்டால் துரு. துருவேறிய கம்பி பருத்து காங்கிரீட்டையே பிளந்து தள்ளும். அதைப் பட்டியால் மூடுவதற்குப் பெயர் அழகா?

மாசி, பங்குனி வெயிலில் தளம் காய்ந்தபின் அடியுங்கள். முதலில் ஓரங்களுக்குப் பிரஷ். அது காயுமுன் ரோலர். கடைசி இழுப்பு ஜன்னல் வெளிச்சம் வரும் திசையில். திட்டு தெரியாது.

நம் அப்பாக்கள் அடித்த சுண்ணாம்பு வழவழப்பாக இல்லைதான். ஆனால் ஒழுகலை மறைக்காமல் காட்டிக்கொடுத்தது. பண்டிகைக்கு வரும் விருந்தாளி சீலிங்கை இரண்டு நிமிடம் பார்ப்பார். அதன் அடியில் தினமும் படுப்பது நாம்.