ஒரு சொல்லும் அதன் தடங்களும்

வகுப்பறையில் நேரும் சிறு பிழையொன்று சில வேளைகளில் பெரியதொரு சிந்தனைக்கு வித்திட்டுவிடும். கரவெட்டியில் உயர்தர வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் மொழிபெயர்த்து என்னிடம் காட்டிய பந்தி அத்தகையது. 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் இலங்கையை உலுக்கிய ஹர்த்தாலைப் பற்றியது அது. பங்கீட்டரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து, இடதுசாரிக் கட்சிகளோடு 'ட்ரேட் யூனியன்'களும் கிளர்ந்தெழுந்த செய்தியை மாணவர், 'வர்த்தக சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன' என்று எழுதியிருந்தார்.

அவரை நோவதற்கில்லை. 'ட்ரேட்' என்றால் வர்த்தகம். 'யூனியன்' என்றால் சங்கம். அகராதி அவருக்கு அளித்தது அவ்வளவே. ஆயினும் விளைவு யாது? தொழிலாளரின் போராட்டம் ஒரு சொல்லால் வணிகரின் போராட்டமாகிவிட்டது. ஹர்த்தால் என்பதே கடையடைப்பைக் குறிக்குஞ் சொல்லாதலின், படிப்பவருக்கு ஐயமும் எழாது. இலக்கணப் பிழை எதுவுமின்றி வரலாறு தலைகீழாகிவிட்டது!

இந்த ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 'ட்ரேட்' தொடக்கத்தில் கொள்வதையும் விற்பதையும் குறித்ததன்று. வடகடலோரத்து ஜெர்மானியக் கிளைமொழியிலிருந்து பதினான்காம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்திற் புகுந்தபோது அதன் பொருள் தடம் என்பதே. சிறப்பாகக் கப்பல் செல்லும் தடம். காலால் மிதித்து நடத்தலைக் குறிக்கும் 'ட்ரெட்' என்பதும் அதன் உறவுச் சொல்லே. செல்லும் தடம் பின்னர் வாழ்க்கைத் தடமாயிற்று. அதனால் ஒருவன் பழகிக் கைக்கொண்ட தொழிலைக் குறித்தது. வணிகம் என்ற பொருள் அதன் பின்னரே மேலோங்கியது. ஆகவே, தொழிலாளர் அமைப்பின் பெயரில் நிற்பது இடைப்பட்ட பொருள். அதைத் 'தொழிற்சங்கம்' என்று பெயர்த்த முன்னோர் அகராதியை மட்டும் பார்த்திலர், பொருளையும் பார்த்தனர்.

எல்லா இடத்தும் நாம் இவ்வாறு விழிப்பாயிருந்தோமா? புவியியற் பாடத்திற் பலரும் படித்த 'வியாபாரக் காற்று' என்ற தொடரை எண்ணிப் பாருங்கள். அங்கே எஞ்சி நிற்பது சொல்லின் முதற்பொருள். மாறாத ஒரே தடத்தில் வீசுவதாலேயே அக்காற்று அப்பெயர் பெற்றது. வணிகக் கப்பல்கள் அதனாற் பயன்பெற்றமை உண்மை; பெயர் வந்த வழி அதுவன்று. பின்வந்த ஆங்கிலேயரே இதில் மயங்கினர். அவர் மயக்கத்தை நாமும் தமிழாக்கிக்கொண்டோம். சில நூல்களில் வழங்கும் 'தடக்காற்று' என்பதே பொருத்தமான பெயர்.

காற்றுக்குப் பெயரிட நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கரவெட்டிக்கு அணித்தேயுள்ள வல்வெட்டித்துறையின் கடலோடிகள் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனத் திசையறிந்து பெயர் சொல்லிப் பாய் விரித்தவர்கள். அங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. காற்றின் தடத்தை அறிந்தவர் வழிவந்த மாணவர், அதனை வியாபாரத்தோடு சேர்த்துப் படிப்பது வருந்தத்தக்கதே.

சொற்கள் இவ்வாறு பொருள் மாறுவது ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. 'வியாபாரம்' வடமொழியிற் செயல், முயற்சி என்றே பொருள்பட்டது. தமிழில் அது கொள்வதிலும் விற்பதிலும் ஒடுங்கியது. வணிகத்தையும் வழியையும் இணைத்துக் காணும் நோக்கும் நமக்குப் புதிதன்று. சாத்து என்பது கூடிச் செல்லும் வணிகர் கூட்டம். சிலப்பதிகாரத்திற் கோவலனின் தந்தை தரைவழி வணிகத்தை நினைவூட்டும் மாசாத்துவான். கண்ணகியின் தந்தை கடல்வழி வணிகத்தை நினைவூட்டும் மாநாய்கன்.

இன்றும் நெல்லியடிச் சந்தைக்குச் சென்று பாருங்கள். புகையிலையும் வெங்காயமும் வாங்கி விற்பவர் செய்வது வியாபாரம். அதே ஊரிற் கொல்லரும் தச்சரும் செய்வது தொழில். ஆங்கிலம் இரண்டையும் 'ட்ரேட்' என்ற ஒரு சொல்லால் அழைக்கும். தச்சரைப் பார்த்து, "வியாபாரம் எப்படி?" என்று கேட்டால் அவர் நம்மை வியப்போடு நோக்குவார். அவருக்குள்ள தெளிவு நம் ஏட்டிலும் இருக்க வேண்டாமா?

கலைச்சொல்லுக்கு ஒருமைப்பாடு வேண்டும், இடத்துக்கோர் சொல்லானால் மாணவர் குழம்புவர் என்று சிலர் கூறுவர். ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்பது நல்ல விதியே. ஆனால் ஓர் ஆங்கிலச் சொல் ஒரு கருத்தாகிவிடாது. 'வர்த்தகப் பற்றாக்குறை', 'தொழிற்சங்கம்', 'தடக்காற்று' ஆகியவை மூன்று கருத்துக்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லைத் தாங்கியிருப்பது அம்மொழியின் வரலாறு. அவ்வரலாற்றுக்கு நாம் ஏன் கடன்பட வேண்டும்?

கல்வியும் ஆட்சியும் தமிழுக்கு மாறிய காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. கரவெட்டி தந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி பல்கலைக்கழகப் பணியேற்குமுன் பாராளுமன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவராகப் பணியாற்றினார். பேச்சு ஓடிக்கொண்டிருக்கையில் அகராதியைப் புரட்ட நேரமேது? சொல்பவர் கருதியதைப் பற்றிக்கொண்டாலன்றி அப்பணி நடவாது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சொல்லுக்குச் சொல் மனனஞ் செய்விப்பதை விடுத்து, தொடரைத் தந்து பொருளைக் கேளுங்கள். 'யார், எதைச் செய்கிறார்?' என்ற வினாவுக்கு விடை கண்ட பின்னரே பேனாவை எடுக்கப் பழக்குங்கள். மேற்குறித்த மாணவரிடம் அந்த வினாவையே கேட்டேன். சற்று நேரம் எண்ணினார்; 'வர்த்தக' என்பதை வெட்டித் 'தொழிற்' என்று எழுதினார். தொழிலாளரின் போராட்டம் தொழிலாளரிடமே மீண்டது.