வேலிக்கு அடியில் ஓடும் தண்ணீர்

அமெரிக்க ராணுவத் தளங்களின் குடிநீர்க் குழாய்களும் சாக்கடைகளும் மின்தடங்களும் பழசாகிவிட்டன. சில இடங்களில் அவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. புதுப்பிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பக்கத்து நகராட்சியோடும் மின் நிறுவனத்தோடும் சேர்ந்து அதைச் செய்யலாம் என்றால் உடனே எதிர்ப்பு கிளம்புகிறது. தளத்தின் தண்ணீரும் மின்சாரமும் தளத்தின் கையில்தான் இருக்க வேண்டுமாம். வெளியாளை உள்ளே விட்டால் பாதுகாப்பு போய்விடும், நெருக்கடியில் கைவிட்டுவிடுவார்கள், செலவும் ஏறும், ஆதாயமெல்லாம் ஊருக்கே போகும் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஹவாயின் ஓவாஹு தீவில் நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் இதை ஏற்க முடியவில்லை.

முதலில் பாதுகாப்பு. ஹொனலுலுவை ஒட்டிய ரெட் ஹில் மலைமுகட்டைக் குடைந்து, கடற்படை 20 எரிபொருள் தொட்டிகளைக் கட்டியது. வேலை 1943இல் முடிந்தது. ஒவ்வொரு தொட்டியும் 250 அடி உயரம்; சுமார் 4.7 கோடி லிட்டர் கொள்ளும். அவற்றுக்கு ஏறத்தாழ 100 அடி கீழே தீவின் முக்கியமான நிலத்தடி நீர் இருக்கிறது. கடற்படை அந்த நீரைத் தன் கிணற்றில் இறைத்துத் தன் குழாய்களில் விட்டது. சற்றுத் தள்ளி ஹலாவாவில் ஹொனலுலு குடிநீர் வாரியமும் அதே நீரை எடுத்தது.

2014 ஜனவரியில் ஒரு தொட்டியிலிருந்து சுமார் ஒரு லட்சம் லிட்டர் எரிபொருள் கசிந்தது. குடிநீர் வாரியமும் அதன் தலைமைப் பொறியாளர் எர்னி லாவும் ஆண்டுக்கணக்கில் எச்சரித்தார்கள். எச்சரிக்கத்தான் அவர்களால் முடிந்தது. தொட்டிகள்மேல் அவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. 2021 மே மாதம் ஒரு குழாய் உடைந்து கொட்டிய எரிபொருளில் பெரும்பகுதி தீயணைப்பு வடிகுழாய்க்குள் புகுந்து, கவனிக்கப்படாமல் அங்கேயே தங்கிவிட்டது. நவம்பர் 20 அன்று ஒரு வண்டி மோதி அந்த வடிகுழாய் உடைந்தது. சில நாட்களில் ராணுவக் குடும்பங்களின் சமையலறைக் குழாய்களில் எண்ணெய் வாடை வீசியது. சுமார் 93,000 பேருக்குத் தண்ணீர் கொடுத்த அமைப்பு அது. தலைவலி, வாந்தி, தோல் தடிப்பு என்று மக்கள் முறையிட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு ஹோட்டல்களில் தங்க நேர்ந்தது.

கிணறு, குழாய், தொட்டி எல்லாமே கடற்படையின் கையில்தான் இருந்தன. வேலியும் இருந்தது, காவலும் இருந்தது. தண்ணீரில் நஞ்சு கலக்க எந்தப் பகைவனும் வெளியிலிருந்து வரவில்லை. கேடு வேலியோடு நிற்கவும் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் குடிநீர் வாரியம் தன் ஹலாவா நீரேற்று நிலையத்தை நிறுத்தியது. ஹொனலுலு நகர்ப்பகுதியின் தண்ணீரில் ஏறக்குறைய 20 சதவீதம் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. தொட்டி பற்றிய முடிவுகளில் அந்த வாரியத்துக்கும் ஓர் இடம் இருந்திருந்தால், அந்த ராணுவக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு அது பாதுகாப்புக் குறைவாகவா முடிந்திருக்கும்?

வட கரோலினாவின் கேம்ப் லெஜூனும் இதையே காட்டுகிறது. 1953 முதல் 1987 வரை அங்கே மாசடைந்த குடிநீரை வழங்கியவை தளத்தின் சொந்த நிலையங்கள்தாம். அவற்றில் ஒன்றான டராவா டெரஸின் கிணறுகளைக் கெடுத்தது வேலிக்கு வெளியே இருந்த ஓர் உலர்சலவைக் கடையின் கழிவு. நிலத்தடி நீருக்கு வேலி எங்கே தெரியும்?

நெருக்கடியில் ஊர் கைவிட்டுவிடும் என்பது அடுத்த வாதம். தளங்கள் இன்று தன்னந்தனியாக நிற்பதுபோல் இது பேசுகிறது. அமெரிக்கத் தளங்கள் பெரும்பாலும் பொது மின்தொகுப்பை நம்பியே இயங்குகின்றன. பாதுகாப்புத் துறையின் அறிவியல் வாரியம் 2008லேயே இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. சார்பு ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம்தான் பல இடங்களில் இல்லை. அதே ஓவாஹுவில் ஸ்கோபீல்ட் பாரக்ஸ் என்ற ராணுவத் தளம் வேறு வழியில் போனது. ராணுவம் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. ஹவாயன் எலெக்ட்ரிக் நிறுவனம் அங்கே 50 மெகாவாட் மின்நிலையத்தைக் கட்டி 2018இல் இயக்கத் தொடங்கியது. சாதாரண நாட்களில் அதன் மின்சாரம் தீவு முழுவதற்கும் போகிறது. மின்தொகுப்பு விழுந்தால் முதல் உரிமை தளத்துக்கு. தீவின் பழைய பெரிய மின்நிலையங்கள் கடலோரத்தில் இருக்க, இது சுனாமி எட்டாத மேட்டில் இருக்கிறது. கைவிடும் பேச்சுக்கே இங்கு இடமில்லை. யாருக்கு முதலில் என்பது எழுத்திலேயே இருக்கிறது.

செலவைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. கலிபோர்னியாவின் மான்டரேயில், நகராட்சியே ராணுவத் தளத்தின் பராமரிப்பு வேலைகளைக் கட்டணத்துக்குச் செய்து கொடுத்தது. முன்பு ஆன செலவோடு ஒப்பிட்டு 41 சதவீதம் மிச்சம் என்று 2000இல் ராணுவத்தின் சொந்தத் தணிக்கை அமைப்பே கணக்கிட்டது. காரணம் எளிது. ஊருக்கென்று ஏற்கெனவே இருக்கும் ஆட்களையும் வண்டிகளையும் கருவிகளையும் வேலிக்கு இந்தப்பக்கம் ஒருமுறையும் அந்தப்பக்கம் ஒருமுறையும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை.

ஆதாயம் ஊருக்கே என்பவர்கள் சான் டியேகோவின் மிராமர் தளத்தைப் பார்க்கட்டும். தளத்து நிலத்தில் நகராட்சி குப்பை கொட்டுகிறது. அந்தக் குப்பையிலிருந்து எழும் வாயுவில் எடுக்கும் மின்சாரத்தில் 3.2 மெகாவாட் தளத்துக்கு வருகிறது. இதில் தோற்றவர் யார்?

எதிர்ப்பாளர்கள் சொல்வதில் ஒன்று மட்டும் சரி. 50 ஆண்டுவரை நீளக்கூடிய ஒப்பந்தங்களைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. உள்ளாட்சிகளோடு செய்த உடன்பாடுகளால் சொன்ன பலன் உண்மையில் கிடைத்ததா என்பதைப் படைப் பிரிவுகள் சரிவரக் கண்காணிக்கவில்லை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2018இல் குறை சொன்னது. உண்மையான குறைதான். ஆனால் அது கணக்கை ஒழுங்காகப் பார்க்கச் சொல்கிறது. கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

2022 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் ரெட் ஹில் தொட்டிகளைக் காலிசெய்து மூட உத்தரவிட்டார். 2024இல் அந்த எரிபொருளை வெளியேற்றி முடித்தபோதும், எச்சரித்த வாரியத்தின் ஹலாவா நிலையம் மூடியேதான் இருந்தது.