விளிம்பும் முதுகும்

விடுதி, மருத்துவமனை, கல்யாண மண்டபம், வங்கிக் கிளை என்று பலரும் புழங்கும் இடங்களில் லேமினேட் எப்படிக் கெடுகிறது என்று கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். முகப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மேசையோரத்தில் எட்ஜ் பேண்ட் பிரிந்து நிற்கும். அலமாரிக் கதவு வளைந்து சட்டத்தோடு சேராது. வாஷ்பேசினுக்காக வெட்டிய மூலையிலிருந்து விரிசல் ஓடியிருக்கும். ஆனாலும் தேர்வுக் கூட்டங்களில் நம் நேரமெல்லாம் முகப்புக்கே போகிறது: வால்நட்டா ஓக்கா, மேட்டா கிளாஸா. கடைசியில் வேலைப் பட்டியலில் ஏறுவது ஒரே வரி: ‘அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் 1 மி.மீ. லேமினேட்’. பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு இந்த ஒற்றை வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

முதுகை முதலில் எடுத்துக்கொள்வோம். லேமினேட் என்பது பிசினில் ஊறி அழுத்தப்பட்ட காகிதம். மேலே மெலமைன் ஊறிய அலங்காரத் தாள், அடியில் பினாலிக் ஊறிய கிராஃப்ட் தாள்கள். எவ்வளவு அழுத்தினாலும் காகிதத்தின் குணம் போகாது. காற்றின் ஈரத்தை வாங்கினால் விரியும், விட்டால் சுருங்கும். ஷீட்டின் நீளவாக்கில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அசைவு குறுக்குவாக்கில் இருக்கும். பலகையின் ஒரு பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டி மறுபக்கம் பெயின்ட் அடித்துவிட்டால், ஒரு பக்கத்து இழுப்பைத் தடுக்க மறுபக்கத்தில் எதுவும் இல்லை. கதவு வளைகிறது. ஆசாரி கீலைத் திருகிச் சரிசெய்வார். மாதம் கழித்து மறுபடி வளையும்.

விடுதி அறைக்கு இதில் தனிச் சோதனை ஒன்று உண்டு. விருந்தினர் சாவி அட்டையை உருவிக்கொண்டு வெளியே போனதும் ஏசி நின்றுவிடுகிறது. சென்னை, புதுச்சேரி, ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களில் அந்த நேரத்தில் அறைக்குள் ஈரம் ஏறும். அவர் திரும்பி வந்து ஏசி ஓடத் தொடங்கியதும் அறை மறுபடி காயும். தினந்தோறும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டிய கதவுக்கு முகப்பில் ஒட்டியதற்கு ஈடான தடிமனில், அதே வகை லேமினேட் முதுகிலும் வேண்டும். திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். முகப்பில் மரக்கோட்டைக் கிடையாக வைத்து, முதுகில் மிச்சத் துண்டை நெடுக்காக ஒட்டினால் பணமும் போகும், கதவும் வளையும். ஒட்டுவதற்கு முன் பலகையையும் ஷீட்டையும் ஒரே இடத்தில் ஓரிரு நாள் சேர்த்து வைத்திருப்பது செலவில்லாத காப்பு. திறப்பு விழாத் தேதி நெருங்கும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

அடுத்தது விளிம்பு. மெலமைன் முகப்பு வழியாகத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஓரத்தின் வழியாக இறங்கிவிடும். அறையில் காபி போடும் மாடத்தைப் பாருங்கள். கெட்டிலின் ஆவி நேராக மேல்தட்டின் அடியில்தான் அடிக்கிறது. அந்த அடிப்பக்கத்தை மூடாமல் விடுவது நம்மிடையே வழக்கமாகவே ஆகிவிட்டது. வாஷ்பேசின் மேடையில் உள்மூலையைச் செங்கோணமாக வெட்டினால் அழுத்தம் அங்கே குவிந்து விரிசல் விடும், 5 மி.மீ. ஆரமாவது விட்டு வெட்டி, வெட்டிய ஓரத்தை நீர் புகாமல் அடைக்கச் சொல்லுங்கள். பொதுக் கழிப்பறைத் தடுப்புகளுக்கு ப்ளைவுட்டின் மேல் ஒட்டும் யோசனையே வேண்டாம். 12 மி.மீ. காம்பாக்ட் லேமினேட் விலை கூடுதல்தான். ஆனால் உள்ளே வீங்க மரப்பலகை இல்லை, பிரிய எட்ஜ் பேண்டும் இல்லை.

ஷீட்டைத் தேர்வதற்கும் கேட்லாக்கின் கடைசிப் பக்கம் முதல் பக்கத்தைவிட உதவும். 1913-இல் சின்சினாட்டியில் ஃபார்மிகா நிறுவனம் தொடங்கியபோது இந்தப் பொருள் மின்காப்புக்காகவே செய்யப்பட்டது. அழகு பிறகு வந்து சேர்ந்தது. இன்றும் இதற்கு அளவைகள் உண்டு. இந்தியத் தரம் ஐஎஸ் 2046. ஐரோப்பியத் தரம் ஈஎன் 438. பின்னதன் மூன்றெழுத்துக் குறியில் முதலெழுத்து எச் என்றால் கிடைப்பரப்பு, வி என்றால் செங்குத்துப் பரப்பு. கடைசி எழுத்து பி என்றால் வளைக்கத்தக்கது, எஃப் என்றால் தீத்தடுப்பு கொண்டது. சுவருக்கென்று செய்த வி வகை ஷீட்டை லக்கேஜ் ரேக்கின் மேல் ஒட்டிவிட்டு, பெட்டிச் சக்கரம் கீறுகிறது என்று நிறுவனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

தீ விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. தாழ்வாரத்திலும் படிக்கட்டிலும் சுவர்ப்பூச்சு, தீப் பரவலில் முதல் வகுப்பாக இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நிலை. ஷீட்டுக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, அடியில் சாதாரணப் பலகையை ரப்பர் பசையால் ஒட்டினால் அந்தச் சான்றிதழ் யாரையும் காப்பாற்றாது. பலகை, பசை, ஷீட் மூன்றும் சேர்ந்த பேனலுக்குச் சான்று கேளுங்கள்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடையின் வெள்ளை வெளிச்சத்தில் தேர்ந்ததை, அறையில் எரியப்போகும் அதே விளக்கின் கீழ் ஒருமுறை பாருங்கள். உள்ளங்கை அளவு துண்டை நம்பாமல் முழு ஷீட்டைக் கேளுங்கள். பழுதுபார்ப்புக்கென அதே பேட்சில் சில ஷீட்டுகளை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இருண்ட, பளபளப்பான பரப்பு வரவேற்பு மேசைக்கு ஆகாது. கைரேகையும் கீறலும் முதல் வாரத்திலேயே தெரியும்.

துடைப்பவர்களையும் தேர்வில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் பல அறைகளை முடிக்க வேண்டிய ஹவுஸ்கீப்பிங் ஊழியர், கையில் இருக்கும் கழிப்பறை அமிலத்தையே வேனிட்டிக்கும் ஊற்றினால் அது அவர் குற்றமல்ல. மென்துணி, மிதமான சோப்புநீர் போதும், அமிலமும் கம்பிநாரும் கூடாது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கட்டடத்தோடு ஒப்படைக்க வேண்டியவர்கள் நாம்தான்.

விலைப்புள்ளியில் முதுகு ஷீட்டுக்கும் நல்ல எட்ஜ் பேண்டுக்கும் சேர்த்து விலை போடும் ஒப்பந்ததாரர், அவற்றை விட்டுவிட்டவரிடம் தோற்றுப்போகிறார். பட்டியல் அவற்றைக் கேட்காததே காரணம். அடுத்த வேலைப் பட்டியலில் அந்த ஒற்றை வரியை அடித்துவிட்டு ஷீட்டின் வகைக்குறி, முதுகு ஷீட்டின் தடிமன், பலகை, பசை, விளிம்பு, தீ வகுப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதுங்கள்.