சிவப்புக் கோடு சொல்வதெல்லாம் வேதமா?



எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அதனாலோ என்னவோ, கம்ப்யூட்டர் தப்பு என்று சொன்னால், தப்பு என் மேல்தான் என்று உடனே நம்பிவிடுவேன். அந்த நம்பிக்கைதான் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் என்னைத் தலைகுனிய வைத்தது.

டைப் செய்யும்போதே தவறுக்கு அடியில் எடிட்டர் சிவப்புக் கோடு போடுகிறதே, அது நேற்று முளைத்ததல்ல. 1978-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய 'லிண்ட்', சி ப்ரோக்ராம்களில் சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்டியது. 2007-ல் வந்த ஈமேக்ஸ் 22-ல் 'ஃபிளைமேக்' சேர்ந்தது. நாம் எழுத எழுதவே அது பின்னால் கம்பைலரை ஓட்டிப் பார்க்கும். 2016-ல் மைக்ரோசாஃப்ட் 'லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால்' வெளியிட்ட பிறகு, பல எடிட்டர்களில் இந்த வசதி பரவியது.

நல்ல வசதிதான். ஆனால் என் கதையைக் கேளுங்கள்.

எங்கள் ப்ராஜெக்ட், சி மொழியில் ஒரு கடை ஸ்டாக் ப்ரோக்ராம். ஹெட்டர் ஃபைலைத் தனி ஃபோல்டரில் வைத்திருந்தோம். டெர்மினலில் சரியாகவே கம்பைல் ஆனது. எடிட்டரிலோ இன்க்ளூட் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு! பயந்துபோய் அந்த வரியையே அழித்துவிட்டு, ஸ்ட்ரக்சரை இரண்டு சி ஃபைலிலும் காப்பி செய்தேன். கோடு போய்விட்டது. அப்பாடா என்றிருந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு ஃபைலில் மட்டும் 'விலை'யைச் சேர்த்தேன். மற்றதை மறந்தேபோனேன். கோடும் வரவில்லை, கம்பைலரும் வாய் திறக்கவில்லை. ரிவ்யூவில் 12 நோட்டு என்று வரவேண்டிய இடத்தில், விலை 45 வந்து நின்றது! சார் திட்டவில்லை. "ஹெட்டர் ஃபைல் எங்கேம்மா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் அதிகம் வலித்தது.

நடந்தது இதுதான். ஹெட்டர் இருக்கும் ஃபோல்டரை மேக்ஃபைல் கம்பைலருக்குச் சொல்லியிருந்தது. எடிட்டருக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் வந்த கோட்டுக்கு அர்த்தம் 'நீ தப்பு' என்பதல்ல, 'எனக்கு வழி தெரியவில்லை' என்பது. பிறகு கோடு வராததற்கும் காரணம் உண்டு. சி கம்பைலர் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரி!

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ப்ரோக்ராம் தெரியாது. ஆனால் சொன்னார்: "ரசமட்டத்தை மட்டும் நம்பி நின்னா எப்படி பாப்பா? அதையும் திருப்பி வச்சுப் பாக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி காட்டுனாத்தான் அது சரி."

'லேபில் இந்த வசதியையே ஆஃப் செய்ய வேண்டும், பையன்கள் சோம்பேறியாகிறார்கள்' என்கிறார்கள் சில சீனியர்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ரசமட்டம் பிசகும் என்று எந்தக் கொத்தனாரும் அதைத் தூக்கி எறிவதில்லை. முதலாண்டு லேபில் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கி, ப்ராஜெக்டை எடிட்டருக்கு அறிமுகம் செய்வது எப்படி என்று சொல்லித்தரட்டும். 'கிளாங்டி'க்கு, கம்பைலர் ஆப்ஷன்களை வரிக்கு ஒன்றாக எழுதிய சின்ன டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றே போதும்.

வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய சொத்து. நண்பர்களே, கோடு விழுந்தால் அழிக்காதீர்கள். ஏன் விழுந்தது என்று முதலில் கேளுங்கள்!